மரணித்தவரின் துப்பாக்கி: வாரிசுகள் என்ன செய்ய வேண்டும்?

சில மாதங்களுக்கு முன் ஒரு நாள், மஃரிப் தொழுகை முடிந்து பள்ளியின் தாழ்வாரத்தில் அமர்ந்திருந்தோம். நாகூருக்கு அருகிலுள்ள ஓர் ஊரைச் சேர்ந்த சகோதரர் நம்மைத் தேடி வந்தார். சிங்கப்பூரில் வேலை பார்ப்பவர், மூன்று வார விடுமுறையில் வந்திருந்தார்.

"ஹஜ்ரத், வாப்பா மவுத்தாகி நாலு வருஷம் ஆச்சு. தம்பியும் ரியாத்துலேர்ந்து வந்திருக்கான். இந்தத் தடவை பங்கைப் பிரிச்சுடலாம்னு இருக்கோம். வீடு, கடை, பேங்க் பணம் எல்லாம் கணக்குப் பாத்தாச்சு. ஒண்ணு மட்டும் எப்படிச் சேக்குறதுன்னு தெரியலை. பீரோவுல வாப்பாவோட துப்பாக்கி இருக்கு. ரெட்டைக்குழல்."

லைசென்ஸ் என்னவாயிற்று என்று கேட்டோம்.

"புத்தகம் இருக்கு. கடைசியா எப்பப் புதுப்பிச்சாங்கன்னு தெரியலை. மதுரைப் பக்கத்துல ஒருத்தர் வாங்கிக்கிறேன்னு சொல்றார். துணியில நல்லாச் சுத்தி ஆம்னி பஸ்ல பார்சல் போட்டா போதுமாம், பணத்தை உடனே அனுப்பிடுவாராம்."

அவர் கேட்டது பாகப்பிரிவினை மஸ்அலா. நமக்கு ஏற்பட்டதோ வேறு கவலை. மகன்கள் இருவரும் விடுமுறை முடிந்து விமானம் ஏறிய பிறகு அந்த வீட்டில் இருக்கப்போவது அவருடைய வயதான உம்மா மட்டுமே. காலாவதியான லைசென்ஸும், யார் பெயரிலும் இல்லாத துப்பாக்கியும், ஒரு டப்பா தோட்டாவும் அந்த அம்மாவின் பொறுப்பில் இருக்கும். அதை பஸ்ஸில் பார்சலாக அனுப்பியிருந்தாலோ நிலைமை இன்னும் மோசமாகியிருக்கும்.

இது ஒரு வீட்டுச் சிக்கல் மட்டுமல்ல. காவிரிப் படுகையில் பல பழைய குடும்பங்களில் இப்படி ஒரு துப்பாக்கி பரணிலோ பீரோவிலோ கிடக்கிறது. சட்டம் தெரிந்த சகோதரர்களிடம் கேட்டும், ஆயுதச் சட்டத்தைப் படித்தும் நாம் புரிந்துகொண்டதை இங்கே எளிமையாகத் தருகிறோம்.

இந்தத் துப்பாக்கிகள் எப்படி வந்தன?

இந்தியர்கள் ஆயுதம் வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும் என்று கட்டாயமாக்கியது ஆங்கிலேயர் கொண்டுவந்த 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம். சுதந்திரத்துக்குப் பின் 1959இல் புதிய ஆயுதச் சட்டம் இயற்றப்பட்டு, 1962 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இன்றும் நடப்பில் இருப்பது அந்தச் சட்டம்தான். அதன் கீழ் 2016இல் புதிய விதிகள் வந்தன. 2019இல் சட்டமே கடுமையாக்கப்பட்டது.

நம் பகுதியில் நிலம் வைத்திருந்தவர்கள் பயிர்ப் பாதுகாப்புக்கென்றும், பணம் கையாண்ட வணிகர்கள் தற்காப்புக்கென்றும் லைசென்ஸ் வாங்கினார்கள். மழைக்காலத்தில் நீர்ப்பறவை சுடுவது ஒரு பொழுதுபோக்காகவும் இருந்தது. கோடியக்கரை 1967இல் சரணாலயமானது. 1972இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வேட்டை நின்றது. துப்பாக்கி மட்டும் வீட்டில் தங்கிவிட்டது. வாங்கியவர் இருந்தவரை லைசென்ஸைப் புதுப்பித்து வந்தார். தேர்தல் வந்தால் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு, முடிந்ததும் திரும்ப வாங்கி வந்தார். அவர் மரணித்த பின் அந்தப் பழக்கத்தைத் தொடர ஆளில்லை. பிள்ளைகள் வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கிறார்கள்.

பொருள் வாரிசுக்கு வரும், அனுமதி வராது

முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது இதுதான். துப்பாக்கி என்பது ஒரு பொருள். அதற்கு விலை உண்டு. எனவே மரணித்தவர் விட்டுச் சென்ற மற்றப் பொருட்களைப் போல அதுவும் வாரிசுகளின் சொத்தில் சேரும். ஆனால் அதை வைத்திருப்பதற்கு அரசு கொடுத்த அனுமதி அந்த ஒரு மனிதருக்கு மட்டும் கொடுத்தது. அவர் மரணித்ததும் அந்த அனுமதியும் முடிந்துவிடுகிறது. மகன் என்பதாலோ மனைவி என்பதாலோ அது தானாகக் கைமாறாது.

ஓட்டுநர் உரிமத்தை எண்ணிப் பாருங்கள். வாப்பாவின் கார் பிள்ளைகளுக்கு வரும். வாப்பாவின் ஓட்டுநர் உரிமத்தைக் காட்டி மகன் கார் ஓட்ட முடியாது. வித்தியாசம் என்னவென்றால், உரிமம் இல்லாவிட்டாலும் காரை வீட்டு வாசலில் நிறுத்தி வைத்திருக்கலாம். துப்பாக்கியை அப்படி வைத்திருப்பதே குற்றம். ஆயுதச் சட்டத்தின் 3ஆம் பிரிவு லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கியையும் தோட்டாவையும் கையில் வைத்திருப்பதைத் தடுக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பின் இதற்கான தண்டனை 2 ஆண்டுக்குக் குறையாத, 5 ஆண்டு வரை நீளக்கூடிய சிறையும் அபராதமும். முன்பு அது 1 முதல் 3 ஆண்டாக இருந்தது.

"எங்களுக்குத் தெரியாமல் பரணில் இருந்தது" என்று ஒரு குடும்பம் உண்மையாகவே சொல்லக்கூடும். வைத்திருத்தல் என்றால் அறிந்து வைத்திருத்தல்தான் என்று உச்ச நீதிமன்றம் 1972இல் குன்வந்த்லால் வழக்கில் விளக்கியிருக்கிறது. அறியாதவருக்கு இது ஆறுதல். ஆனால் பீரோவைத் திறந்து பார்த்த நிமிடத்திலிருந்து நாம் அறிந்தவர்களாகிவிடுகிறோம். அதன் பிறகு நாள் கடத்தினால் அந்தக் காரணத்தைச் சொல்ல இயலாது.

சட்டம் திறந்து வைத்திருக்கும் வாசல்

சட்டம் தண்டனையை மட்டும் சொல்லி நிறுத்தவில்லை, வழியையும் சொல்கிறது. 21ஆம் பிரிவு இதற்கென்றே இருக்கிறது. லைசென்ஸ் காலாவதியானதாலோ ரத்தானதாலோ வேறு எந்தக் காரணத்தாலோ ஓர் ஆயுதத்தை வைத்திருப்பது சட்டப்படி செல்லாததாகிவிட்டால், அதை வைத்திருப்பவர் தேவையற்ற தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும்.

"ஒப்படைத்தால் போய்விடுமே" என்று பலர் தயங்குகிறார்கள். அப்படி அல்ல. ஒப்படைப்பது பாதுகாப்புக்காக. உரிமை ஒப்படைத்தவரிடமே இருக்கும். அதே 21ஆம் பிரிவு, ஒப்படைத்தவருக்கும் அவர் இறந்தால் அவருடைய சட்டப்படியான வாரிசுக்கும் இரண்டு உரிமைகளைத் தருகிறது. ஒன்று, தமக்கு லைசென்ஸ் கிடைத்த பின் அதைத் திரும்பப் பெறலாம். மற்றொன்று, அதை வைத்திருக்கத் தகுதியுள்ள வேறொருவருக்கு விற்று, விலையைத் தாமே பெற்றுக்கொள்ளலாம். இரண்டையும் விதிகளில் குறித்த காலத்துக்குள் செய்யாவிட்டால்தான் மாவட்ட மாஜிஸ்திரேட்டின் உத்தரவின் பேரில் அது அரசுக்குப் போகும். எனவே ஒப்படைக்கும்போது ரசீது வாங்குவதோடு, எந்தத் தேதிக்குள் அடுத்த நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.

நான்கு ஆண்டு தாமதமாகிவிட்ட குடும்பம் என்ன செய்வது? இன்றாவது செய்வதுதான் வழி. 3ஆம் பிரிவின் கீழ் வழக்குத் தொடர மாவட்ட மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதி வேண்டும் என்று 39ஆம் பிரிவு சொல்கிறது. தானாக முன்வந்து, காரணத்தை எழுத்தில் சொல்லி ஒப்படைப்பவரும், சோதனையில் பிடிபடுபவரும் ஒரே தட்டில் வைத்துப் பார்க்கப்படுவதில்லை. தாமதம் நீண்டிருந்தால் ஒரு வழக்கறிஞரை வைத்துக் கடிதம் எழுதுவது நல்லது.

காவல் நிலையம் போக ஏன் பயப்படுகிறோம்?

இதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. "நம்ம ஆளு வீட்டில துப்பாக்கி" என்று ஊரில் பேச்சு வந்தால் அது எங்கே போய் நிற்குமோ என்ற அச்சம் நம் மக்களிடம் இருக்கிறது. அந்த அச்சத்தினாலேயே சிலர் துப்பாக்கியைக் கொல்லையில் புதைக்கிறார்கள். சிலர் கடுவையாற்றிலோ கடலிலோ போட்டுவிடலாம் என்று எண்ணுகிறார்கள்.

நன்றாக யோசித்துப் பாருங்கள். அந்தத் துப்பாக்கியின் எண் அரசின் பதிவேட்டில் உங்கள் வாப்பாவின் பெயருக்கு நேராக எழுதப்பட்டிருக்கிறது. பத்து ஆண்டு கழித்தானாலும் "அது எங்கே?" என்று ஒரு நாள் கேள்வி வரும். "ஆற்றில் போட்டோம்" என்ற பதிலை யார் நம்புவார்? அது வேறு யார் கையிலாவது சிக்கி ஒரு குற்றத்தில் பயன்பட்டால், தேடி வரும் முதல் வாசல் உங்கள் வாசல்தான். ஒப்படைத்த ரசீது இருந்தால், அந்தக் கேள்விக்கு ஒரு தாளைக் காட்டினால் போதும். இந்த விஷயத்தில் நமக்குப் பாதுகாப்பு, ஒளித்து வைப்பதில் இல்லை. எழுத்தில் இருக்கிறது.

தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் ஜமாஅத் நிர்வாகிகளில் ஒருவரையோ வழக்கறிஞரையோ உடன் அழைத்துச் செல்லுங்கள்.

முதல் நாள் செய்ய வேண்டியவை

துப்பாக்கியைத் தூக்கிப் பார்க்கவோ விசையை அழுத்திப் பார்க்கவோ வேண்டாம். அதில் தோட்டா இருக்கிறது என்றே எண்ணிக்கொள்ளுங்கள். தெரியாதவர் தோட்டாவைக் கழற்ற முயலவும் கூடாது. அந்த அறையைப் பூட்டி, பிள்ளைகளை அண்ட விடாதீர்கள்.

துப்பாக்கியைப் பையில் போட்டு டூவீலரில் எடுத்துக்கொண்டு நேராகக் காவல் நிலையம் செல்வதும் சரியல்ல. வழியில் ஒரு வாகனச் சோதனை வந்தால், ஒப்படைக்கத்தான் போகிறோம் என்பதற்கு உங்களிடம் எந்தச் சான்றும் இருக்காது. முதலில் கடிதம் போகட்டும். அதில் மரணித்தவரின் பெயர், மரணித்த தேதி, லைசென்ஸ் எண், துப்பாக்கியின் வகை, அதன் எண், தோட்டாக்கள் எத்தனை, இப்போது எங்கே இருக்கிறது என்று எழுதி, எப்படி ஒப்படைக்க வேண்டும் என்று கேளுங்கள். ஒன்றைக் காவல் நிலையத்தில் கொடுத்துப் பிரதியில் முத்திரை வாங்குங்கள். இன்னொன்றைக் கலெக்டர் அலுவலகத்துக்கு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள்.

பழைய காகிதங்களையும் தேடுங்கள். 2021 சட்டமன்றத் தேர்தலின்போதோ 2024 மக்களவைத் தேர்தலின்போதோ ஒப்படைத்த ரசீது கிடைக்கலாம். சில வீடுகளில் துப்பாக்கியைக் காணோம் என்று தேடிக்கொண்டிருப்பார்கள். அது தேர்தலுக்கு ஒப்படைக்கப்பட்டு, அவர் மவுத்தானதால் திரும்ப வாங்கப்படாமல் காவல் நிலையத்திலேயே இருக்கும்.

நம் மாவட்டத்துக்காரர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. நாகப்பட்டினம் தனி மாவட்டமானது 1991இல். அதற்கு முந்தைய லைசென்ஸில் தஞ்சாவூர் கலெக்டரின் முத்திரைதான் இருக்கும். 1997இல் திருவாரூரும், 2020இல் மயிலாடுதுறையும் தனி மாவட்டங்களாயின. கோப்பு எந்த அலுவலகத்தில் இருக்கிறது என்று தேடி அலைய நேரலாம். லைசென்ஸ் புத்தகத்தின் எல்லாப் பக்கங்களையும் நகல் எடுத்து வைத்துக்கொண்டால் அந்த அலைச்சல் குறையும். புத்தகத்தில் தனி அடையாள எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். எல்லா ஆயுத லைசென்ஸ்களும் தேசியத் தரவுத்தளத்தில் பதிவாகி இந்த எண்ணைப் பெற வேண்டும் என்று அரசு கட்டாயமாக்கியது. அது இல்லாத பழைய புத்தகம் இன்று செல்லாது.

விற்பதென்றால் எப்படி?

இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். தனிநபர் ஒருவர் தம் துப்பாக்கியை இன்னொரு தனிநபருக்கு விற்கலாமா? விற்கலாம். ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவு அதை அனுமதிக்கிறது. அதற்கு மூன்று நிபந்தனைகள்: விற்பவர் சட்டப்படி வைத்திருப்பவராக இருக்க வேண்டும். வாங்குபவர் அதை வைத்திருக்கத் தகுதியுள்ளவராக, அதாவது அந்த வகைத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் உள்ளவராக இருக்க வேண்டும். விற்கப்போகும் செய்தியையும் வாங்குபவரின் பெயர், முகவரியையும் மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கோ அருகிலுள்ள காவல் நிலைய அதிகாரிக்கோ எழுத்தில் தெரிவித்து, 45 நாட்களாவது கழிந்திருக்க வேண்டும்.

இந்த 45 நாள் எதற்கு? வாங்குபவர் யார், அவர் மீது வழக்கு உண்டா, அவருடைய லைசென்ஸ் உண்மையானதா என்று அரசு பார்ப்பதற்கான அவகாசம் அது. 21 வயது நிறையாதவருக்கும், மனநலம் குன்றியவருக்கும், வன்முறைக் குற்றத்தில் தண்டனை பெற்று விதித்த காலம் கழியாதவருக்கும் விற்கக் கூடாது என்று 9ஆம் பிரிவு தடுக்கிறது. விற்பவருக்கு வாங்குபவரின் முகம்தான் தெரியும். அவருடைய பின்னணி தெரியாது.

இப்போது முதல் நிபந்தனையை மறுபடி படியுங்கள். சட்டப்படி வைத்திருப்பவர்தான் இப்படி விற்க முடியும். லைசென்ஸ் இல்லாத வாரிசு அந்த வகையில் வரமாட்டார். எனவே வாரிசுகள் பீரோவிலிருந்து எடுத்து நேராக விற்க வழியே இல்லை. முதலில் ஒப்படைக்க வேண்டும். பிறகு ஒப்படைத்த இடத்திலிருந்து, லைசென்ஸ் அதிகாரியின் அனுமதியோடு விற்க வேண்டும். ஒப்படைப்பது முதல் படி, விற்பது இரண்டாம் படி. இந்த வரிசை மாறினால் ஹலாலான சொத்தும் சட்டவிரோத வியாபாரமாகிவிடும். லைசென்ஸ் இல்லாமல் ஆயுதம் விற்பதற்கான தண்டனை, 2019 திருத்தத்துக்குப் பின், 7 ஆண்டில் தொடங்கி ஆயுள் வரை போகிறது.

வியாபாரி எதற்கு?

இந்த இரண்டு படிகளையும் ஒரே இடத்தில் முடித்துக் கொடுப்பவர்தான் லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரி. நாம் கண்ட வரையில் வாரிசுகளுக்கு இதுவே சிரமம் குறைந்த வழி.

வியாபாரியிடம் இறப்புச் சான்றிதழ், தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ், பழைய லைசென்ஸ் புத்தகம், எல்லா வாரிசுகளின் சம்மதம், ஒப்படைத்ததற்கான ஆவணம் ஆகியவற்றைத் தர வேண்டியிருக்கும். அவர் துப்பாக்கியின் எண்ணைத் தம் பதிவேட்டில் ஏற்றி ரசீது தருவார். வைத்திருப்பதற்குக் கட்டணம் கேட்பார். வாங்குபவர் வந்தால் அவருடைய லைசென்ஸைச் சரிபார்த்து, விற்பனையை அதில் எழுதி, அதிகாரிக்கும் தெரிவிப்பார். அவருடைய பதிவேடும் இருப்பும் அதிகாரிகளின் சோதனைக்கு உட்பட்டவை. எந்தக் காகிதமும் கேட்காமல் "கொடுத்துட்டுப் போங்க, பாத்துக்கலாம்" என்று ஒருவர் சொன்னால், அவர் கடை வைத்திருந்தாலும் சரி, திரும்பி வந்துவிடுங்கள். அவருடைய ஆயுத வியாபார லைசென்ஸைப் பார்க்கக் கேட்பது தவறல்ல.

அமெரிக்காவில் துப்பாக்கி மலிவு என்று நாம் கேள்விப்படுகிறோம். அங்கேகூட 1968ஆம் ஆண்டின் சட்டப்படி, ஒரு மாநிலத்துக்காரர் வேறு மாநிலத்துக்காரருக்குத் தாமே விற்க முடியாது. வாங்குபவரின் மாநிலத்தில் உள்ள லைசென்ஸ் பெற்ற வியாபாரிக்குத்தான் அது போய்ச் சேர வேண்டும். வாங்குபவர் அங்கே சென்று, அடையாளம் காட்டி, படிவம் நிரப்பி, பின்னணிச் சோதனை முடிந்த பின்தான் கையில் பெறுவார். ஒரே மாநிலத்துக்குள் நடக்கும் தனியார் விற்பனையில் பல மாநிலங்களில் இந்தச் சோதனை இல்லை என்பது அங்கே இன்றும் தீராத சர்ச்சை. எந்த நாடாக இருந்தாலும் அடிப்படை ஒன்றுதான்: துப்பாக்கி ஒரு கையிலிருந்து மறு கைக்குப் போகும்போது நடுவில் ஒரு பதிவு இருக்க வேண்டும்.

பார்சல் வேண்டவே வேண்டாம்

ஆம்னி பஸ், லாரி புக்கிங், தபால், கூரியர் எதிலும் துப்பாக்கியையோ தோட்டாவையோ போடக் கூடாது. "இயந்திர உதிரிபாகம்" என்று எழுதி அனுப்பினால் குற்றத்தோடு பொய்யும் சேர்கிறது. ஒரு லைசென்ஸ் எந்தப் பகுதி வரை செல்லும் என்பது புத்தகத்திலேயே எழுதியிருக்கும். ஆயுதம் ஊர் விட்டு ஊர் போக வேண்டுமானால் அது லைசென்ஸ் உள்ளவருடனோ, உரிய அனுமதி பெற்ற வியாபாரி மூலமாகவோதான் போக வேண்டும். வாங்குபவர் வெளி மாவட்டத்தவர் என்றால் அவருடைய லைசென்ஸ் அதிகாரியின் ஒப்புதலும் கேட்கப்படும். கொண்டு செல்லும் பொறுப்பை வாரிசுகள் ஏற்க வேண்டியதில்லை. அனுமதியோடு வாங்குபவரோ வியாபாரியோ வந்து பெற்றுக்கொள்ளட்டும்.

வெளிநாடு செல்வோருக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை. வாப்பாவின் நினைவாக ஒரு தோட்டாவைச் சாவிக்கொத்தில் மாட்டிக்கொள்வதும், அவருடைய பழைய தோல் பையை உள்ளே பார்க்காமல் எடுத்துச் செல்வதும் ஆபத்து. விமான நிலைய ஸ்கேனரில் ஒரே ஒரு தோட்டா தெரிந்தாலும் பயணம் நின்று, வழக்கு வரை போகும். சிங்கப்பூரில் அனுமதியில்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருந்தால் சிறையோடு பிரம்படியும் உண்டு.

குடும்பத்திலேயே வைத்துக்கொள்ள விரும்பினால்

அதற்கும் வழி உண்டு. 2016 விதிகளின்படி லைசென்ஸ்தாரர் மரணித்தால் வாரிசு ஒருவர் தம் பெயரில் லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கலாம். உயிரோடு இருக்கும்போதே மாற்றவும் இடமுண்டு. லைசென்ஸ்தாரருக்கு 70 வயது நிறைந்தாலோ, அந்தத் துப்பாக்கியை 25 ஆண்டு வைத்திருந்தாலோ, இரண்டில் எது முந்துகிறதோ அப்போதே, தாம் விரும்பும் வாரிசைக் குறிப்பிட்டு விண்ணப்பிக்க வைக்கலாம். வயதான வாப்பாமார் உள்ள வீடுகள் இதை இப்போதே யோசிப்பது நல்லது.

இது புது லைசென்ஸ்தான். காவல்துறை விசாரணை உண்டு. மற்ற வாரிசுகளின் ஆட்சேபமின்மை எழுத்தில் வேண்டும். துப்பாக்கியைப் பாதுகாப்பாக வைக்க வீட்டில் வசதி இருக்க வேண்டும். பாதுகாப்புப் பயிற்சிச் சான்றும் கேட்பார்கள். ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. வாரிசு வழியில் வந்தாலும் இந்த வரம்பு பொருந்தும். முன்பு மூன்றாக இருந்ததை 2019 திருத்தம் இரண்டாகக் குறைத்தது. லைசென்ஸ் 5 ஆண்டுக்குச் செல்லும்.

வேதாரண்யம், தோப்புத்துறை பக்கத்துச் சகோதரர்களுக்கு இன்னொன்று. சரணாலயத்தைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் புதிய ஆயுத லைசென்ஸ் தருவதற்கு, வன உயிரினச் சட்டத்தின் 34ஆம் பிரிவின்படி, தலைமை வன உயிரினக் காப்பாளரின் முன் இசைவு வேண்டும். கோடியக்கரை எல்லையிலிருந்து உங்கள் வீடு எவ்வளவு தூரம் என்று பார்த்துக்கொண்டு விண்ணப்பியுங்கள்.

ஆண்டில் பதினோரு மாதம் வெளிநாட்டில் இருக்கும் மகன், பூட்டிய வீட்டில் வைக்க ஒரு துப்பாக்கிக்கு லைசென்ஸ் வாங்குவதில் என்ன நன்மை இருக்கிறது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நினைவுப் பொருள் வேண்டுமென்றால் வாப்பாவின் கைக்கடிகாரமும் அவர் ஓதிய முஸ்ஹஃபும் போதாதா?

"அது துருப்பிடித்த பழசு" என்பவர்களுக்கு

பழமையானதும் பழுதானதுமான ஆயுதத்துக்குச் சட்டத்தின் 45ஆம் பிரிவு விலக்குத் தருகிறது. ஆனால் அதன் வாசகத்தைக் கவனிக்க வேண்டும். பழுது பார்த்தாலும், பார்க்காவிட்டாலும் துப்பாக்கியாகப் பயன்படவே முடியாததாக இருந்தால்தான் விலக்கு. வெளியே துருப்பிடித்திருப்பதால் மட்டும் அது விலக்குக்குள் வராது. ஒரு கொல்லன் சரிசெய்துவிடக் கூடியது என்றால் அது துப்பாக்கிதான். இதை நாமே தீர்மானிக்காமல் அதிகாரியிடம் விட்டுவிட வேண்டும். தோட்டாக்களும் அப்படியே. துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டு அலமாரியில் தோட்டா டப்பாவை மறந்துவிடும் வீடுகள் உண்டு.

பங்கு எப்படி?

சகோதரர் கேட்ட மஸ்அலாவுக்கு வருவோம். துப்பாக்கி மரணித்தவரின் பொருள். எனவே அதன் மதிப்பு மீராஸில் சேரும். அடக்கச் செலவு, கடன், மூன்றில் ஒரு பாகத்துக்குள் அடங்கும் வஸிய்யத் ஆகியவற்றுக்குப் பின் மீதி பங்கிடப்படும். அந்த வீட்டில் மரணித்தவரின் பெற்றோர் உயிருடன் இல்லை. மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள். மொத்தத்தை 40 பாகமாக்கினால் மனைவிக்கு எட்டில் ஒன்றான 5, மகன்களுக்குத் தலா 14, மகளுக்கு 7. துப்பாக்கியை விற்று வந்த பணமும் இதே கணக்கில்தான் பிரியும். மகன்களில் ஒருவர் அதைத் தம் பெயருக்கு மாற்றிக்கொள்வதானால், சந்தை விலையைக் கணக்கிட்டு மற்றவர்களின் பங்கை அவர்களிடம் கொடுத்துவிட வேண்டும். "ஆம்பளைப் பிள்ளைங்க சாமான்" என்று சொல்லி மகளின் பங்கை விடுவது மார்க்கத்தில் கூடாது. மகளின் கையெழுத்து இல்லாமல் சட்டப்படியும் மாற்ற இயலாது.

விலை கூடுதலாகக் கிடைக்கிறது என்பதற்காக, தீங்குக்குப் பயன்படுத்துவார் என்று தெரிந்த ஒருவருக்கு ஆயுதம் விற்பதை நம் ஃபிக்ஹ் அறிஞர்கள் தடுத்திருக்கிறார்கள். விளையாட்டாகக்கூட ஒருவரை நோக்கி ஆயுதத்தை நீட்டுவதை நபி (ஸல்) அவர்கள் கண்டித்திருக்கிறார்கள். மக்கள் கூடும் இடத்தில் அம்பு கொண்டு செல்பவர் அதன் கூர்முனையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். நம் கையிலிருந்து போகும் பொருளால் யாருக்கும் கீறல்கூட விழக் கூடாது என்பதே அதில் உள்ள பாடம். யாரென்று தெரியாத ஒருவருக்கு பஸ்ஸில் பார்சல் போடுவதற்கும் இந்தப் பாடத்துக்கும் எவ்வளவு தூரம்!

அந்த வீட்டில் நடந்தது

சகோதரர் அந்த மதுரைக்காரருக்குப் போன் செய்து, "உங்க லைசென்ஸ் நகலை அனுப்புங்க, கலெக்டர் ஆபீஸ்ல எழுதிக் கொடுக்கணும்" என்றார். மறுமுனையிலிருந்து அதன் பிறகு பேச்சே இல்லை. அது ஒன்றே போதுமான பதில்.

தெரிந்த வழக்கறிஞர் ஒருவர் கடிதம் எழுதித் தந்தார். துப்பாக்கியும் பதினொரு தோட்டாக்களும் முறைப்படி ஒப்படைக்கப்பட்டன. விசாரித்தார்கள், தாமதத்துக்குக் காரணம் கேட்டார்கள், எழுதி வாங்கினார்கள். அந்த அலைச்சலை இல்லையென்று சொல்ல மாட்டோம். மகன்கள் இருவரும் விடுமுறை முடிந்து போய்விட்டதால் மீதி வேலையை மருமகன் பார்த்தார். பல மாதங்களுக்குப் பின் ஒரு வியாபாரி வழியாக விற்பனை முடிந்தது. கிடைத்தது ஒரு பவுன் நகைக்குக்கூடக் காணாத தொகை. அதையும் 40 பாகமாக்கிப் பிரித்தார்கள்.

அந்த அம்மா நமக்குச் சொல்லி அனுப்பிய செய்தி ஒன்றுதான்: "அந்த பீரோவைத் திறக்கவே பயமா இருந்துச்சு. இப்ப பேரப்பிள்ளைங்க வந்தா அந்த ரூமைப் பூட்டுறதில்லை."

உங்கள் வீட்டில், உங்கள் உறவினர் வீட்டில் இப்படி ஒன்று இருந்தால் இந்த வாரமே கடிதத்தை எழுதுங்கள். மரணித்தவருடைய கடனை அடைப்பது போல, அவர் பெயரில் நிற்கும் இந்தக் கணக்கை முடித்து வைப்பதும் பிள்ளைகளின் பொறுப்பு. அல்லாஹ் நம் இல்லங்களை எல்லா ஆபத்துகளிலிருந்தும் பாதுகாத்து, அமானிதங்களை உரிய முறையில் நிறைவேற்றும் தவ்ஃபீக்கைத் தருவானாக! ஆமீன்.